கூட்டினால் ஐந்து வரும் கார்கள்

ஏப்ரல் 7, ஞாயிறு

தாளவாடி ரூட் எனக்குத்தான்! பத்மினி மேடம் இன்று லேபில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மே ஆறாம் தேதியிலிருந்து தினமும் காலையில் சத்தியமங்கலத்தில் கிளம்பி மலையேற வேண்டும். தாளவாடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இரத்த மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மதியத்துக்குள் லேபுக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. வண்டி என்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டு வருடமாக நான் ஓட்டிய லேப் வேன் காயலான் கடைக்குப் போய்விட்டது, மேடம் இன்னொன்று வாங்குவதாக இல்லை. "நடு ரோட்டுல வண்டி நின்னா சாம்பிள் கெட்டுடும் கோகிலா. அப்படி ரெண்டு தடவ ஆச்சுன்னா ஈரோட்டு ஏஜென்சிக்கு ரூட்டக் குடுத்துருவேன், வருத்தப்படக் கூடாது" என்றார். வருத்தப்பட என்ன இருக்கிறது, நியாயம்தான்.

நின்றால் ரூட் போகும், அவ்வளவுதான். பிரேக் போனால்? திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு அடுப்படியில் இத்தனை வருடம் கழித்தவள், உருண்டு போய்ச் சாவதற்காக வெளியே வரவில்லை. நல்ல வண்டியாக வாங்குவேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கோபிக்கு பஸ் ஏறிப் போய்த் தம்பியைப் பார்த்தேன். தரணிக்குக் கார் எலக்ட்ரிக்கல் கடை. கையில் இப்படி ஒரு தம்பி இருக்கும்போது எனக்கு என்ன கவலை? விஷயத்தைச் சொன்னதும் குதித்தான். "அக்கா, நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு" என்றான்.

கடையே மாறிவிட்டது. முன்பு ஒயர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருப்பான். இப்போது கண்ணாடி அறை, ஏசி, மேசையில் லேப்டாப், அதோடு சேர்ந்த ஏதோ ஒரு கறுப்புப் பெட்டி. என்னடா இது என்று கேட்டேன். "மீட்டர் வேலைக்குக்கா. இப்ப எல்லாமே கம்ப்யூட்டருதான்" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

புது பைக் வாங்கியிருக்கிறான். பதிவு எண்ணின் கூட்டுத்தொகை ஐந்து. கேட்கவே வேண்டாம், அவன் பிறந்தது பதினான்காம் தேதி. செல் எண் ஐந்து, கடைத் திறப்பு ஐந்து, கல்யாணத் தேதி ஐந்து. அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோய் இது. அப்பா பஸ் டிக்கெட் எண்ணைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். அவர் இறந்தது இருபத்தாறாம் தேதி. அன்றிலிருந்து தரணிக்கு எட்டு என்றால் பேயைப் பார்த்த மாதிரி. எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எண்ணைப் பார்த்தால் மனசு தானாகக் கூட்டிவிடுகிறது, அதை நிறுத்தத் தெரியவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

குழாய்த் தண்ணீர் வந்தது. மோட்டார் மக்கர் செய்தது. தரணியிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வண்டி கிடைத்துவிட்டது! புத்தாண்டும் அதுவுமாக.

தரணி சொல்வான் சொல்வான் என்று காத்திருந்து பயனில்லை என்று நானும் இவரும் கோபி ரோட்டில் இருக்கும் லோகுவின் யார்டுக்குப் போனோம். இவருக்கு மில்லில் இன்று லீவு. பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன, எல்லாம் பாலிஷ் போட்டுப் பளபளவென்று. லோகு வெள்ளை வேட்டி, வாய் ஓயாத மனிதர்.

"இதைப் பாருங்க்கா. டீசலு. ஒரே ஓனரு, டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்குப் போவாரு, ஊட்டுக்கு வருவாரு, அம்முட்டுத்தான். நாப்பத்தெட்டாயிரந்தான் ஓடியிருக்குது. ஏழு வருச வண்டின்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?"

வெள்ளி நிறம். உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன், இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. மீட்டரில் நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். எனக்குப் பிடித்துவிட்டது. இவரோ நல்ல நேரம் முடிவதற்குள் அச்சாரம் கொடுத்துவிடலாம் என்று அவசரப்படுத்தினார். கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து தரணிக்குப் போன் போட்டேன். யார்டின் பெயரைச் சொன்னதும் அவன் குரல் ஏறிவிட்டது.

"யாரக் கேட்டுக்கா அச்சாரம் குடுத்தே?"

"உன்னக் கேக்காமயா? ஒரு வாரமா ஆளக் காணோம்!"

"அந்த லோகுகிட்ட வேண்டாம்னா வேண்டாம். அச்சாரம் போனாப் போகட்டும், விட்டுரு."

"ஏன்டா?"

"வேண்டாம்னா உடேன்க்கா!"

கத்திவிட்டு வைத்துவிட்டான். பண்டிகை நாளில் இப்படியா பேசுவது? அக்கா தன்னை விட்டுவிட்டு வண்டி பார்த்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. வேறென்ன இருக்கப் போகிறது.

ஏப்ரல் 15, திங்கள்

அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கோபம் எனக்கும் வரும்.

ஏப்ரல் 17, புதன்

இன்று தனியாகப் போனேன். கோபத்தில் வைத்தாலும் அவன் "வேண்டாம்" என்ற வார்த்தை காதில் கிடந்து அரித்தது. இரத்தத்தைச் சோதிக்காமல் முகத்தைப் பார்த்துச் சர்க்கரை அளவு சொல்கிறவளா நான்? அச்சாரம் கொடுத்த அன்று அதைத்தான் செய்திருக்கிறேன். இன்று ஒழுங்காகப் பார்த்தேன்.

முதலில் பெடல்கள். பிரேக் பெடலின் ரப்பரில் வரி வரியாக மேடு இருக்க வேண்டும். வலது பக்கம் முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எங்கள் லேப் வேன் லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் அதன் பெடல் இந்தக் கதிக்கு வந்தது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் மினுமினுக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் புது உறை, அதற்கு அடியில் கையை விட்டு அழுத்தினால் ஒரு பக்கம் பள்ளம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தேன், ஓரம் பிசிறடித்திருக்கிறது. பக்கத்து இருக்கையின் பெல்ட்டிலும் அதே மாதிரி பிசிறு. டாக்டர் தனியாகத்தானே போய் வந்தார்?

லோகு ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

"டாக்டருக்குக் கொஞ்சம் கனத்த காலுங்க்கா."

"பெல்ட்டு?"

"அவிங்க சம்சாரம் கூட வருவாங்க."

"டயரு நாலும் போன வருசத்துது. நாப்பத்தெட்டாயிரத்துக்கு முன்னாடியே டயரு மாத்திட்டாரா?"

"வசதியான மனுசன், மாத்தியிருப்பாருங்க."

சர்வீஸ் செய்த விவரம் கேட்டேன். டாக்டர் வெளிநாடு போய்விட்டாராம், கேட்டுச் சொல்கிறாராம். பின் இருக்கையின் மிதியடியைத் தூக்கினேன். மூலையில் ஐந்தாறு சோளம் கிடந்தது, மருந்து கலந்த விதைச் சோளம், ரோஸ் நிறத்தில். கையில் எடுத்து லோகுவிடம் நீட்டினேன். "டாக்டருக்குத் தோட்டம் இருக்குதுங்க்கா" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மீட்டர் பொய் சொல்கிறது. இதை நான் விடப்போவதில்லை.

அச்சாரம் திரும்பி வராது என்றும் லோகு போகிற போக்கில் சொல்லி வைத்தார். பார்ப்போம்.

ஏப்ரல் 18, வியாழன்

கோபத்தை விழுங்கிக்கொண்டு தரணியைக் கூப்பிட்டேன். மீட்டர் வேலை தெரிந்தவன் அவன்தானே. உன் பெட்டியை எடுத்துக்கொண்டு யார்டுக்கு வா, வண்டி நிஜத்தில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல் என்றேன். காய்ச்சல் என்றான். நாளைக்கு என்றேன். மாமனார் ஊர்க் கோயிலில் பொங்கல் வைக்கிறார்களாம். அதற்கு மறுநாள் என்றேன். பெட்டியில் ஏதோ கோளாறாம்.

பாவம், வேலை அதிகம் போல. குரலே சரியில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாங்காய் வெட்டி உப்பில் போட்டேன். இவர் ஷிப்டுக்குப் போன பிறகு லோகு யார்டின் விளம்பரங்களைப் போனில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு காருக்கும் வெளிப்புறம் ஒரு படம், இருக்கை ஒரு படம், மீட்டர் ஒரு படம். கார் யார்டுக்கு வந்து தயாரானதும் எடுத்துப் போடுகிறார்கள்.

என் காரின் படத்தில் மீட்டர் 48,326. நான்கும் எட்டும் பன்னிரண்டு, மூன்று பதினைந்து, இரண்டு பதினேழு, ஆறு இருபத்து மூன்று. கூட்டினால் ஐந்து. பக்கத்தில் ஒரு சிவப்புக் கார், 36,140. அதுவும் ஐந்து. வெள்ளைக் கார் 52,709. ஐந்து. சாம்பல் நிறக் கார் 27,401. ஐந்து.

போனைக் கீழே வைத்துவிட்டு மாங்காயை ஒருமுறை கிளறிவிட்டு வந்தேன். மறுபடியும் பார்த்தேன். போன மாதம் விற்றுப்போன கார்களின் படங்களும் இருக்கின்றன. எல்லாம் ஐந்து. இரண்டே இரண்டு கார்கள் சேரவில்லை. இரண்டும் லட்சத்தைத் தாண்டியவை, விலையும் குறைவு. அவற்றில் யாரும் கை வைக்கவில்லை.

லோகு சொல்லியிருப்பார், நாற்பத்தெட்டாயிரம் சொச்சம் வை என்று. அந்தச் சொச்சத்தை எவனோ தன் இஷ்டத்துக்கு வைக்கிறான். வண்டி அடுத்த தெரு போய்த் திரும்பினால் எண் மாறிவிடும், அதற்குப் போய் ராசி பார்க்கிறான். மூடத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

லோகுவே ஐந்தாம் எண்காரராக இருக்கலாம் என்று அவருடைய செல் எண்ணைக் கூட்டினேன். எட்டு. வாசலில் நிற்கும் அவருடைய சொந்தக் காரின் எண்ணும் எட்டு. ராசி எண் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

ஐந்தாம் எண்காரர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். இரவுக்கு அவரைக்காய்ப் பொரியல். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

தலைவலி. லேபில் ஒரு குழந்தைக்கு இரத்தம் எடுக்க இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. இதுவரை எனக்கு அப்படி ஆனதில்லை.

ஏப்ரல் 24, புதன்

தரணி கடைக்குப் போனேன். காய்ச்சல் எதுவும் இல்லை, நன்றாகத்தான் இருந்தான். ஆவக்காய்ப் பாட்டிலை மேசையில் வைத்தேன், அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்.

"வெள்ளிக்கிழம வண்டி எடுக்கறேன். மீதிப் பணம் ரெடி பண்ணியாச்சு" என்றேன்.

"அக்கா, நான் கோயமுத்தூர்ல வேற வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒரு மாசம் பொறு."

"மே ஆறாந்தேதி எனக்கு ரூட்டு. தெரியும்ல?"

"அந்த வண்டி வேண்டாங்க்கா."

"ஏன்? காரணம் சொல்லு. நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுடறேன்."

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். நான் திம்பத்தைப் பற்றிச் சொன்னேன். காலையில் மேலே ஏறுவதையும், இரத்தப் பெட்டியோடு தனியாகக் கீழே இறங்குவதையும், ஒவ்வொரு வளைவிலும் எதிரே கரும்பு லாரி வருவதையும் சொன்னேன். "நாப்பத்தெட்டாயிரம் ஓடின வண்டின்னு நெனச்சுத்தான நான் பிரேக்க மிதிப்பேன்?" என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு ஆவக்காய்ப் பாட்டிலின் மூடியை இறுக்கினான்.

நீயா செய்தாய் என்று நானும் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நான் கேட்டு அவன் இல்லை என்று சாதித்துவிட்டால்? அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியாது. அவனாகச் சொல்ல வேண்டும்.

"சரி, வெள்ளிக்கிழம எடுக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஏப்ரல் 26, வெள்ளி

காலை பத்து மணிக்கு யார்டில் இருந்தேன். இவரையும் அழைத்துப் போனேன், ஆனால் நான் பேசும்போது குறுக்கே வரக்கூடாது என்று சொல்லித்தான். லோகு மாலையோடு வந்து வண்டிக்குப் போட்டார். நான் கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

மீட்டரில் 1,63,457.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் ஆறும் ஏழு, மூன்று பத்து, நான்கு பதினான்கு, ஐந்து பத்தொன்பது, ஏழு இருபத்தாறு. எட்டு. ஒரே ஒரு கிலோமீட்டர் கூட்டி வைத்திருந்தால் ஒன்பதாகியிருக்கும். அதைக்கூட அவன் செய்யவில்லை. தன் கையால் எட்டை வைக்க அவனால் எப்படி முடிந்தது? உண்மை அதுவாக இருந்ததால் வைத்திருக்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னுங்க்கா, சாமி கும்புடறீங்களா?" என்று லோகு தலையை உள்ளே நீட்டினார். மீட்டரைப் பார்த்ததும் அதன் கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு, "மீட்டரு கோளாறாயிப் போச்சுங்க்கா. நேத்துச் சாயங்காலந்தான் நம்ம பையன் ஏதோ லைட் எரியுதுன்னு பாத்துட்டுப் போனான். ஒரு நிமிசம், அவனக் கூப்புடறேன், அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிருவான்" என்றார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். யார்டில் அப்போது இன்னும் இரண்டு குடும்பங்கள் கார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடவில்லை என்றால் நான் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும் என்று சொன்னேன். போட்டார்.

"தம்பி, அந்த வெள்ளி வண்டி மீட்டரு என்னமோ தப்பாக் காட்டுதுடா. வந்து சரி பண்ணு."

"இல்லீங்ணா" என்றது தரணியின் குரல். "இப்பத்தான் சரியாக் காட்டுது."

இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. லோகு போனை அணைக்கப் பார்த்தார், விரல் படவில்லை.

"அது விதைக் கம்பெனி சேல்ஸ் ஆளு ஓட்டுன வண்டி. ஊர் ஊராச் சுத்துனது. அவிங்ககிட்டச் சொல்லிருங்ணா. இனிமே எனக்கு இந்த வேல வேண்டாம்."

சிவப்புக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தவர் நின்று கேட்டார். "ஏனுங்க, இதோட மீட்டரும் அந்தப் பையன்தான் பாத்தானா?" அந்தக் குடும்பம் செருப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பியது.

அச்சாரத்தைத் திருப்பித் தரச் சொன்னால் லோகு இப்போது தந்திருப்பார். நான் கேட்டது வேறு. "சத்தியமங்கலத்து மெக்கானிக்க வரச் சொல்றேன். அவர் பாத்துட்டுச் சரின்னா, ஒண்ணரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடின வண்டிக்கு என்ன விலையோ அந்த விலைக்கு எடுத்துக்கறேன்" என்றேன். இவருக்கு அதிர்ச்சி. லேபில் தினமும் பார்க்கிறேன், சர்க்கரை முந்நூறு என்று தெரிந்தவர் மருந்து சாப்பிட்டு நடமாடுகிறார், நூறு என்று பொய் ரிப்போர்ட் வாங்கிப் போனவர்தான் விழுகிறார். மெக்கானிக் வந்து ஒரு மணி நேரம் பார்த்தார். இன்ஜின் தேவலை, பிரேக் மொத்தமும் கிளட்சும் சஸ்பென்ஷனும் மாற்ற வேண்டும் என்றார். விலையில் குறைந்தது அதற்குச் சரியாக இருக்கும். எழுதி வாங்கினேன், நிஜக் கிலோமீட்டரையும் சேர்த்து.

ஏப்ரல் 27, சனி

தரணி வந்தான். கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இருந்த துணி அத்தனையும் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். கடைல வேலையே இல்லக்கா அப்ப. லோகண்ணன் வந்தாரு. நான் பண்ணலீன்னா இன்னொருத்தன் பண்ணுவான்னு…"

"அந்த இன்னொருத்தன் எனக்குத் தம்பி இல்ல."

தலையைக் குனிந்துகொண்டான். சத்தம் போடக்கூடாது என்று நினைத்திருந்தேன், போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

"உன்கிட்டச் சொல்ல வாய் வரலக்கா. நீ கடைக்கு வந்து மலை எறங்கறதப் பத்திச் சொன்ன பொறகு தூக்கமே இல்ல. உனக்காச்சும் உள்ளது உள்ளபடி வெக்கோணும்னுதான் போயி மாத்துனேன். எட்டு வருதுன்னு தெரிஞ்சுந்தான் வெச்சேன்."

"எனக்கு மட்டுமா?"

அவனுக்குப் புரியவில்லை.

"நான் உன் அக்கா, அதனால எனக்கு மட்டும் நெசம். மத்தவிங்க? அவிங்களும் நாப்பதாயிரம்னு நம்பித்தான பிரேக்க மிதிக்கறாங்க?"

"நான் அந்தப் பெட்டிய ஒடச்சுப் போட்டுடறேன்க்கா."

"பெட்டி என்னடா பண்ணுச்சு? நெசமாவே கெட்டுப்போன மீட்டர ரிப்பேர் பண்ண அது வேணும். நாடகம் எல்லாம் வேண்டாம். நீ மாத்துன வண்டி ஒவ்வொண்ணும் யார்கிட்ட இருக்குதோ அவிங்களக் கூப்புட்டுச் சொல்லு."

"போலீசுக்குப் போயிருவாங்க."

"போகட்டும். ஸ்டேஷனுக்கு நான் கூட வர்றேன்."

அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் காட்டவில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்டேன், தலையாட்டினான். தோசை சுட்டுப் போட்டேன். இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

வண்டி மெக்கானிக்கிடம். பிரேக் வட்டு காகிதம் மாதிரி தேய்ந்து போயிருந்தது. கழற்றிக் காட்டினார். தரணி தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒயரிங் பார்க்கிறான். அந்தப் பிரேக் வட்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.

மே 2, வியாழன்

கேட்டேன். நாளைக்கு என்றான்.

மே 3, வெள்ளி

நாளைக்காம்.

மே 5, ஞாயிறு

ஓட்டிப் பார்க்க மலைக்குப் போகிறேன், நீயும் வா என்று தரணியைக் கூப்பிட்டேன். முதலில் தயங்கினான். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். இவர் ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டி வைத்துப் பார்த்து, சரியாக உட்காருகிறது என்றார்.

பண்ணாரி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினேன். இரண்டாவது கியரில் வண்டி இழுத்துக்கொண்டு போனது. பத்து வளைவு தாண்டியதும் என் தோள் தளர்ந்தது, பயம் போய்விட்டது. வளைவுகளில் பிரேக் மிதித்த இடத்தில் பிடித்தது, திரும்பும்போது இறக்கத்திலும் இதே மாதிரி பிடிக்கும், தெரிந்துவிட்டது. ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்று மேட்டில் மறுபடியும் எடுத்தேன், ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. நாளைக்கு நான் தாளவாடிக்குப் போவேன். எனக்குச் சத்தம் போட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் தரணி மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

திம்பத்தில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கப் போனான். கதவைப் பூட்டினேன்.

"சிக்னல் இருக்குது. கூப்புடு."

"அக்கா, எத்தன வண்டின்னு எனக்கே ஞாபகமில்ல."

"ஞாபகம் இருக்கற ஒண்ணுல ஆரம்பி."

போனை எடுத்தான். வைத்தான். மறுபடியும் எடுத்தான். கடைசியில் ஒரு எண்ணைத் தேடிப் போட்டான், அவனாகவே ஸ்பீக்கரில் வைத்தான். அந்தியூரில் ஒரு வாத்தியார், விளக்கு எரியவில்லை என்று போன மாதம் கடைக்கு வந்தாராம்.

"வணக்கம் தம்பி!" என்றார் எடுத்தவுடனே. பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. "கோபி எலக்ட்ரிக்கல் தம்பிதான? நானே கூப்புடலாம்னு இருந்தேன். லைட்டு பிரமாதமா எரியுது. வண்டியும் சும்மா சொல்லக் கூடாது, நாப்பதாயிரந்தான ஓடியிருக்குது, புதுசாட்டவே போகுது. நாளைக்கு அம்மா, புள்ளைக எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கொல்லிமலை கெளம்பறோம்."

தரணி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் என் முகத்தைப் பார்ப்பான், நான் போய் அப்பாவிடம் சொல்லிச் சமாளிப்பேன். இன்று நான் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹலோ? தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

"போகாதீங்க சார்" என்றான் தரணி. "அந்த வண்டில மலைக்குப் போகாதீங்க. அது ரெண்டு லட்சம் ஓடுன வண்டி. மீட்டரக் கொறச்சு வெச்சது நான்தான்."

அந்தப் பக்கம் அவர் குழந்தைகளை வெளியே போய் விளையாடச் சொல்வது கேட்டது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். என்னென்ன சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு வாத்தியார் வாயில் அவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை. தரணி போனை அணைக்கவில்லை, குறுக்கே பேசவில்லை. அவர் முடித்த பிறகு தன் முழுப் பெயரைச் சொன்னான், கடை இருக்கும் தெருவைச் சொன்னான், நாளைக் காலையில் அந்தியூருக்கு வந்து பிரேக்கைக் கழற்றிப் பார்க்கிறேன், எங்கே வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன் என்றான். "வந்து சேரு, பேசிக்கறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

நான் கதவுப் பூட்டை எடுத்துவிட்டேன். டீ வாங்கி வா என்று சொல்லலாம் என்று நினைத்தேன். தரணி இறங்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் அடுத்த எண்ணைத் தேட ஆரம்பித்தான்.